குழந்தைகளோடு ஒரு வெப்பமண்டலத் தீவுக்கு: எதை முதலில் முடிவு செய்வது?

குழந்தைகளை அழைத்துக்கொண்டு தீவு ஒன்றுக்கு விடுமுறையில் செல்ல விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தத் தீவு நல்லது என்பதையே. என்னைப் பொறுத்தவரை அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. எந்த மாதத்தில் செல்லப்போகிறோம் என்பது முதற்கேள்வி; உடன் வருகிறவர்களில் மிகச் சிறியவருக்கு என்ன வயது என்பது அடுத்தது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் தீவு எது என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். அத்தீவின் எந்தக் கரையில் தங்குவது என்பதும் கூடவே தெளிவாகிவிடும்.

பெரியவர்கள் மட்டும் செல்லும் பயணத்தில் இந்த வரிசைக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. கடல் கொந்தளித்தால் அவர்கள் மலைப்பாதையில் நடந்துவிட்டு வருவார்கள், புத்தகம் படிப்பார்கள், தூங்குவார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அப்படி ஒரு மாற்று வழி கிடையாது. கடலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அதில் இறங்கக் கூடாது என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பது குழந்தைக்கும் கடினம், பெற்றோருக்கும் கடினம். ஆகவே, நாம் அங்கே இருக்கப்போகும் நாட்களில், குழந்தை அச்சமின்றி இறங்கி விளையாடக்கூடிய அமைதியான, ஆழமற்ற நீர் எங்கே இருக்கும் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் திட்டமிடலின் பெரும்பகுதி. விமானச் சீட்டு, விடுதி, சுற்றிப் பார்க்கும் இடங்கள் ஆகியவற்றை எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 23.5 பாகை வரை, அமைந்த தீவுகளில் ஆண்டு முழுவதும் வெப்பம் உண்டு. அங்கே பருவங்களைப் பிரித்துக் காட்டுவது மழையும் காற்றும்தான். அட்லாண்டிக் பெருங்கடலிலும் கரீபியக் கடலிலும் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அதன் உச்சம். தென் பசிபிக் தீவுகளுக்கும், மொரிஷியஸ், ரீயூனியன் ஆகியவை அமைந்துள்ள தென்மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். பிலிப்பைன்ஸ் பக்கத்தில் எந்த மாதத்திலும் சூறாவளி வரக்கூடும் என்றாலும், ஆண்டின் பிற்பாதியில்தான் அவை மிகுதி. நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குள் இருக்கும் தீவுகளின் நிலைமை வேறு. பூமியின் சுழற்சியால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்புவிசை அங்கே மிகவும் குறைவு என்பதால், புயல் சுழன்று திரண்டு உருவாவது அரிது. கரீபியனின் தென்கோடியில் உள்ள அரூபா, பொனேர், குராசாவ் ஆகிய மூன்று தீவுகளும் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே விலகி இருப்பவை. பள்ளி விடுமுறை எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதத்தில்தான் குடும்பங்கள் கிளம்ப முடியும் என்பதால், இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் உலகப் படத்தையே விரிக்க வேண்டும்.

ஒரே தீவிலும் கரைக்குக் கரை காலம் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரைகளை அலைக்கழிக்கும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில், திருகோணமலை, பாசிக்குடா போன்ற கிழக்குக் கரைப் பகுதிகளில் கடல் குளம்போல் கிடக்கும். தாய்லாந்தில் புக்கெட் தீவுக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். எதிர்ப்புறக் கடலில் இருக்கும் கோ சாமுய் தீவிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கனமழை. ஹவாயின் வடகரைகளில் குளிர்கால மாதங்களில் எழும் பேரலைகளைக் காண உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் வருகிறார்கள். அதே கரைகள் கோடையில் பெரும்பாலும் தணிந்துவிடுகின்றன. மொரிஷியஸில் தென்கிழக்குக் காற்று வலுவாக வீசும் மே முதல் செப்டம்பர் வரையான காலத்தில், காற்றை நேராக எதிர்கொள்ளும் கிழக்குக் கரையைவிட மேற்குக் கரையும் வடமேற்குக் கரையும் குழந்தைகளுக்கு ஏற்றவை. தீவின் பெயரை மட்டும் பார்த்து முன்பதிவு செய்கிறவர்களுக்கு இந்த வேறுபாடுகள் எதுவும் தெரியவராது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. புயல் பருவத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால், குழந்தைகளுக்கு மழையைவிடக் காற்றுதான் பெரிய இடைஞ்சல். வெப்பமண்டல மழை பல நேரங்களில் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு விலகிவிடும். அந்த மழையில் நனைவதைக் குழந்தைகள் கொண்டாடவே செய்வார்கள். ஓயாமல் வீசும் கடற்காற்று அப்படிப்பட்டது அல்ல. அது அலைகளை உயர்த்தும்; அடிமணலைக் கிளறி நீரைக் கலக்கும்; சில கரைகளில் ஜெல்லிமீன் எனப்படும் இழுதுமீன்களைக் கூட்டமாக ஒதுக்கும்; மணலை அள்ளிக் குழந்தையின் கண்ணில் போடும். ஆகவே, மழைநாட்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்த மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, நாம் தங்கும் கரை அதற்கு முதுகைக் காட்டுகிறதா முகத்தைக் காட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்து வறண்ட காலம் தொடங்கும் முதல் வாரங்களையே நான் மிகவும் விரும்புகிறேன். தீவு முழுவதும் பசுமையாக இருக்கும், அருவிகளில் நீர் இருக்கும், கூட்டமும் குறைவு.

அடுத்தது ஓதம். நாளொன்றுக்குப் பெரும்பாலான இடங்களில் இருமுறை ஏறி இருமுறை வற்றும் கடல், சில தீவுகளில் கரையின் உருவத்தையே மாற்றிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவை ஒட்டியுள்ள சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடுவதால், அந்த நேரங்களில் நீந்த இயலாது. அதே தீவின் வடமுனையில் உள்ள நுங்வி, கெண்ட்வா பகுதிகளில் இந்த வேறுபாடு அவ்வளவு தொல்லை தருவதில்லை. இதை வைத்து எந்தக் கரை மேலானது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வற்றிய கடலின் தரையில் தேங்கி நிற்கும் சிறு குட்டைகளில் நண்டு, நட்சத்திரமீன், சிறு மீன்கள் என்று குழந்தைகள் பார்த்துத் தீராத அளவுக்கு உயிர்கள் இருக்கும். ஆயினும், ஓத நேரங்கள் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும், முழுநிலவு, அமாவாசை நாட்களை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகும் என்பதையும் அறிந்து, செல்லும் வாரத்தின் ஓத அட்டவணையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால், நீந்துவது எந்த வேளையில், குட்டைகளைத் தேடி நடப்பது எந்த வேளையில் என்று நாட்களைப் பிரித்துக்கொள்ள முடியும்.

ஒரு கரை குழந்தைக்கு ஏற்றதா என்று அறிய, விடுதிகள் வெளியிடும் ஒளிப்படங்களைவிடச் செயற்கைக்கோள் படம் எனக்கு உதவியாக இருக்கிறது. கரையிலிருந்து சற்றுத் தொலைவில், கரைக்கு இணையாக, அலை உடையும் வெண்கோடு ஒன்று தெரிந்தால் அது பவளப்பாறை. அதற்கும் கரைக்கும் இடையில் வெளிர்நீலமாகத் தெரியும் நீர், பாறை தடுத்துத் தந்த அமைதியான காயல். குழந்தைகளுக்கு வேண்டியது அதுதான். அந்த வெண்கோடு எங்கேனும் அறுபட்டு, அடர்நீல நிறத்தில் ஒரு வாய்க்கால்போலத் தெரிந்தால், காயலுக்குள் வந்த நீர் அவ்வழியாகத்தான் வேகமாக வெளியேறும் என்பதால், அந்த இடத்திலிருந்து விலகியிருக்கும் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களையும் தவிர்ப்பது நல்லது. அங்கே நீர் கலங்கியிருக்கும், ஓட்டமும் வலுவாக இருக்கும், சில தீவுகளில் உவர்நீர் முதலைகளும் உண்டு.

எத்தனை தீவுகள் என்ற கேள்விக்கு என் விடை, சிறு குழந்தைகள் இருந்தால் ஒன்றே ஒன்று. தீவுக்குத் தீவு தாவும் பயணம் படத்தில் அழகாகத் தெரியும். நடப்பில் ஒவ்வொரு தாவலும் மூட்டை கட்டுவது, படகுத்துறையில் வெயிலில் காத்திருப்பது, குமட்டலோடு கடலைக் கடப்பது, புதிய அறையில் குழந்தை தூக்கம் வராமல் புரள்வது என்று முழுதாக ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். குழந்தைகள் ஓரிடத்தை அறிந்துகொள்ளும் விதமும் வேறு. முதல் நாள் அவர்களுக்கு எல்லாம் அந்நியம். மூன்றாம் நாள் அந்தக் கரையின் பாறைகளுக்கு அவர்களே பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் இளையவன் நீருக்குள் முகத்தை அமிழ்த்தவே மறுத்துக்கொண்டிருந்தவன். நாள்தோறும் ஒரே காயலில், ஒரே இடத்தில் இறங்கி, அந்த மணற்பரப்பு முழுவதும் காலுக்குப் பழகிய பிறகுதான், யாரும் சொல்லாமலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். அவனை வேறொரு கரைக்கு அழைத்துச் சென்றிருந்தால் அந்தப் பழக்கத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

சென்று சேரும் நாளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பன்னாட்டு விமானம் இறங்கும் இடத்தோடு பயணம் முடிந்துவிடாது. அங்கிருந்து சிறு விமானம், படகு, வண்டி என்று இன்னும் ஓரிரு கட்டங்கள் இருக்கலாம். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பதால், மாலையில் வந்திறங்குகிறவர்கள் அன்றிரவு தலைநகர்ப் பகுதியிலேயே தங்க வேண்டியிருக்கும். குழந்தைகள் உடன் இருக்கும்போது, கடைசிப் படகுக்கு ஓடுவதைவிட விமான நிலையத்துக்கு அருகில் ஓரிரவு உறங்கிவிட்டுக் காலையில் கடப்பது எவ்வளவோ மேல்; காலை வேளையில் கடலும் பொதுவாக அமைதியாக இருக்கும். படகில் குமட்டல் வருவது பள்ளிப் பருவக் குழந்தைகளுக்கு மிகுதி. ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில் அமர்த்தி, தொடுவானத்தைப் பார்க்கச் செய்து, கைபேசித் திரையைத் தவிர்த்தால் பெருமளவு தணியும். விரைவுப் படகுகளில் குழந்தையின் எடைக்குப் பொருத்தமான உயிர்காப்பு அங்கி இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. முன்கூட்டியே கேட்டு உறுதி செய்ய வேண்டும், இல்லையேல் சொந்தமாக எடுத்துச் செல்ல வேண்டும்.

இனி வெயில். வெப்பமண்டலத்தில் நண்பகல் கதிரவன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே நிற்கும். புற ஊதாக் கதிர்க் குறியீடு 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிகத் தீவிரம் என்று வகைப்படுத்துகிறார்கள்; வெப்பமண்டலத் தீவுகளில் அந்த அளவு சாதாரணம். கடற்காற்று குளிர்ச்சியாக வீசுவதால் தோல் கருகுவது குழந்தைக்குத் தெரியாது. மெல்லிய மேகம் இருந்தாலும் கதிர்களில் பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடும்; அரை மீட்டர் ஆழ நீருக்குள்ளும் மேற்பரப்பில் உள்ளதில் ஏறத்தாழ 40 விழுக்காடு எட்டும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. ஆகவே, நீருக்குள் இருக்கும் குழந்தை வெயிலிலிருந்து தப்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். நிழலைப் பார்த்து நேரம் அறியக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் வாதம் குறையும்: தன் நிழல் தன்னைவிடக் குட்டையாக இருக்கும் வரை வெளியே விளையாட்டுக் கிடையாது.

இதிலிருந்து நாளின் அமைப்பு தானாக உருவாகிவிடுகிறது. விடிந்ததும் கடல், ஒன்பதரை, பத்து மணிக்குள் கரையேறுதல், நடுப்பகல் முழுவதும் நிழலும் உறக்கமும், நான்கு மணிக்குப் பிறகு மீண்டும் கடல். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம்தான். அந்தி மங்கி இருள் கவிய அரை மணி நேரம்கூட ஆகாது. மாலை ஆட்டத்தை நீட்டிக்கொண்டே போகலாம் என்று நினைக்கிற குடும்பங்கள் சட்டென்று இருட்டில் நின்றுவிடும். அந்த நடுப்பகல் ஓய்வு நேரத்தை எதைக் கொண்டும் நிரப்பாமல் விடுவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொலைவு வந்திருக்கிறோம், நேரத்தை வீணாக்கலாமா என்ற எண்ணம் எழும். எழட்டும். உறங்கி எழுந்த குழந்தையோடு கழிக்கும் இரண்டு மணி நேர மாலை, உறங்காத குழந்தையை இழுத்துக்கொண்டு அலையும் ஒரு முழுப் பகலைவிட எல்லோருக்கும் இனிமையானது.

தோலைக் காப்பதில் துணியே முதன்மையானது: நீண்ட கைகள் கொண்ட நீச்சல் சட்டை, கழுத்தின் பின்புறத்தையும் மறைக்கும் தொப்பி. துணி மறைக்காத இடங்களில் மட்டும் எஸ்.பி.எஃப். என்னும் வெயில்காப்பு எண் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீரிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு முறையும் மீண்டும் பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பூச்சைவிட நிழலே பாதுகாப்பு. பவளங்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால், ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன்களை விற்பதற்கு ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் தடை விதித்தது; பசிபிக் தீவு நாடான பலாவு அதற்கு ஓராண்டு முன்னரே, இவற்றையும் வேறு சில வேதிப்பொருள்களையும் கொண்ட பூச்சுகளுக்குத் தடை கொண்டுவந்துவிட்டது. துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு கொண்ட கனிமப் பூச்சு பொதுவாகச் சிக்கல் தராது; குழந்தைகளின் மென்தோலுக்கும் அது ஏற்றது.

நீரைப் பற்றி எழுதும்போது சற்று அழுத்தமாகவே எழுத வேண்டியிருக்கிறது. மூழ்கும் குழந்தை கூச்சலிடாது. கையை உயர்த்தி அழைக்கவும் அதனால் முடியாது. ஓசையின்றி, ஒரு நிமிடத்துக்குள், இடுப்பளவு நீரில்கூட அது நடந்துவிடும். அதிலும், பெரியவர்கள் பலர் கூடியிருக்கும் இடத்தில், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணும் நேரமே மிகவும் ஆபத்தானது. எங்கள் குடும்பத்தில் நானும் என் மனைவியும் என் அக்காவும் முறை வைத்துக்கொள்கிறோம். முறையில் இருப்பவர் கைபேசியைத் தொடுவதில்லை, படிப்பதில்லை, பேச்சில் ஆழ்வதில்லை. இருபது நிமிடம் கழிந்ததும் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்த பிறகே எழுகிறார். நீந்தத் தெரியாத குழந்தையிடமிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் விலகவே கூடாது. கையில் மாட்டும் காற்றுப் பைகளும் மிதக்கும் பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்கள் மட்டுமே. தரையிலிருந்து வீசும் காற்று அவற்றைக் குழந்தையோடு சேர்த்து ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். விடுதி அறையின் வாசலில் தனி நீச்சல் குளம் இருப்பது விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கலாம். தத்தித் தத்தி நடக்கும் குழந்தை உள்ளவர்கள், நான்கு பக்கமும் வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் இல்லாத குளத்தோடு கூடிய அறையை எடுக்கவே வேண்டாம்.

பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்கு இழுப்பு நீரோட்டத்தைப் பற்றிக் கிளம்பும் முன்பே சொல்லிக்கொடுக்கலாம். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அலையின்றி அமைதியாகத் தெரியும் இடம்தான் பல நேரங்களில் கரையிலிருந்து வெளியே ஓடும் இழுப்பு. பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தோன்றுவதாலேயே குழந்தைகள் அங்கே இறங்குகிறார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு வெளியேறிய பிறகே திரும்ப வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கரையைத் தேர்ந்தெடுப்பதும், அவர்கள் நட்டுவைத்த கொடிகளின் பொருளைச் சென்று சேர்ந்த அன்றே கேட்டறிவதும் இதற்கெல்லாம் முந்தியவை. முகமூடிக் கண்ணாடியும் நீரில் முகம் கவிழ்ந்தபடி மூச்சுவிட உதவும் ஸ்நார்கெல் குழாயும் குழந்தையின் முக அளவுக்கு வாங்கி, வீட்டுக்கு அருகிலுள்ள நீச்சல் குளத்தில் பழக்கிவிட்டு அழைத்துச் சென்றால், கடலில் கழியும் முதல் மணி நேரம் அழுகையில் போகாது.

காலுக்கடியில் இருப்பவற்றையும் மறக்கக் கூடாது. அடிப்பாகம் தடித்த நீர்க்காலணி ஒன்று பவளக் கீறலையும் கடல் முள்ளெலியின் முட்களையும் பெருமளவு தவிர்க்கும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும், அழகான கோலங்கள் கொண்ட கூம்பு வடிவச் சங்குகளுக்குள் நஞ்சுள்ள உயிர் இருக்கலாம் என்பதால், உயிருள்ள சங்கு எதையும் கையில் எடுக்கக் கூடாது என்ற ஒரே விதியைக் குழந்தைகள் மனத்தில் பதிய வைக்க வேண்டும். வட ஆஸ்திரேலியக் கடல்களில், நவம்பர் முதல் மே வரை கடும் நஞ்சுள்ள பெட்டி இழுதுமீன்கள் வரும். அந்த மாதங்களில் உடலை முழுதாக மூடும் உடையோ வலையிட்ட நீச்சல் பகுதியோ இல்லாமல் இறங்கக் கூடாது. கரீபியக் கரைகளில் சிறு ஆப்பிள்போலப் பச்சைக் காய் காய்க்கும் மான்சினீல் மரத்தின் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும். மழையில் அதன் கீழே ஒதுங்குவதும் தீங்கு. காய்த்த தென்னையின் கீழே குழந்தையை உறங்கவைக்கக் கூடாது என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொசுவைப் பற்றிப் பலர் இரவில் மட்டுமே கவலைப்படுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும், அந்திக்கு முந்தைய நேரத்திலும் அதன் சுறுசுறுப்பு மிகுதி. நாம் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லும் வேளைகளும் அவைதான். சன்ஸ்கிரீனை முதலில் பூசி, அதன் மேல் கொசு விரட்டியைப் பூச வேண்டும். டீட் (DEET) என்னும் வேதிப்பொருள் கலந்த விரட்டியை இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் கொண்டதை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பயன்படுத்தக் கூடாது. கைக்குழந்தையின் தொட்டிலுக்கும் வண்டிக்கும் வலையே சிறந்தது. காய்ச்சல் கண்டால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமாலைத் தவிர வேறு வலிநிவாரணிகளைக் கொடுக்கக் கூடாது. இபுபுரூஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும்.

குழந்தை மருத்துவரைக் கிளம்புவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. சில தடுப்பூசிகள் பலன் தர அந்த அவகாசம் வேண்டும். மருந்துப் பையில் வெப்பமானி, குழந்தையின் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், புண்ணைக் கழுவும் மருந்து, வழக்கமாக எடுக்கும் மருந்துகள் ஆகியவை இருந்தால் போதும், ஆனால் அவை கைப்பையில் இருக்க வேண்டும். தங்கும் இடத்திலிருந்து குழந்தைகளைக் கவனிக்கும் மருத்துவமனை எவ்வளவு தொலைவு, இரவில் அங்கே எப்படிச் செல்வது என்பதை முன்பதிவுக்கு முன்பே விடுதியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். சிறு தீவுகளில் பெரிய சிகிச்சைக்குப் படகிலோ விமானத்திலோதான் செல்ல முடியும். பயணக் காப்பீட்டில் அவசர வெளியேற்றச் செலவு அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அதனால்தான். குழந்தைகளின் கடவுச்சீட்டுகள் பெரியவர்களுடையதைவிடக் குறுகிய காலமே செல்லுபடியாகும் நாடுகள் பல. நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று பல தீவு நாடுகள் எதிர்பார்க்கின்றன. பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துச் சென்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் தேவைப்படலாம்.

விடுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடலுக்கு நடந்து செல்லும் தொலைவு, மரநிழல், குழந்தை உறங்கும்போது பெற்றோர் விளக்கைப் போட்டுக்கொண்டு அமர ஒரு தாழ்வாரம், சிறு சமையல் வசதி. இந்த நான்கும் இருந்தால் அறையின் அழகு எனக்கு ஒரு பொருட்டில்லை. மணலில் குழந்தை வண்டி உருளாது என்பதால், இடுப்பிலோ முதுகிலோ சுமக்கும் பை ஒன்று அதைவிடப் பயன்படும்.

திட்டமிடுவதில் குழந்தைகளுக்கும் பங்கு தர வேண்டும் என்பது என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான கருத்து. தீவின் படத்தை விரித்து, ஆளுக்கு ஒரே ஒரு விருப்பத்தைச் சொல்லச் சொல்கிறோம். அந்த விருப்பம் எப்படியும் நிறைவேறும், மற்றவை நேரம் இருந்தால். கூடவே, தாங்கள் காணப்போகும் நிலம் எப்படி உருவானது என்று முன்பே பேசிவிட்டால் அவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. வளையம்போல் கிடக்கும் பவளத் தீவுகள், மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்துபோன எரிமலைத் தீவுகளைச் சுற்றி வளர்ந்த பாறைகளின் மிச்சம் என்று சார்லஸ் டார்வின் 1842இல் விளக்கினார். பவளத் தீவுகள் பலவற்றின் வெண்மணலில் பெரும்பங்கு, பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்களின் கழிவாக வெளியேறியது. ஒரு பெரிய கிளிமீன் ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணலை உண்டாக்கும். இதை நான் சொன்ன நாளிலிருந்து எங்கள் மூத்தவள் கடலுக்குச் சென்றதும் முதலில் தேடுவது கிளிமீனைத்தான். நீருக்குள் காதை வைத்து, அது பாறையைக் கடிக்கும் ஓசையைக் கேட்டுவிட்டு வந்து தம்பிக்குச் சொல்கிறாள். பதின்ம வயதினர் இருந்தால் அவர்களுக்கென்று தனியாக ஏதேனும் ஒன்று வேண்டும். பத்து வயதிலிருந்து சிறாருக்கான ஆழ்கடல் நீச்சல் (ஸ்கூபா) பயிற்சி பல இடங்களில் உண்டு. ஆனால் அந்த நீச்சலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமாவது கழிந்த பிறகே விமானம் ஏறலாம் என்பதைக் கணக்கில் வைத்து நாளைக் குறிக்க வேண்டும்.

அந்தக் கணக்கோடு, திரும்பும் நாளையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். காற்று வலுத்தால் சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள். அன்று மாலையே பன்னாட்டு விமானம் இருந்தால் குடும்பம் முழுவதும் தவிக்க நேரும். கடைசி இரவைப் பெருந்தீவில், விமான நிலையத்துக்கு எளிதில் செல்லக்கூடிய இடத்தில் வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இராது. ஈரத் துணிகளை உலர்த்தவும், காலணிகளின் மணலைக் கழுவவும், பெட்டிகளைச் சீராக அடுக்கவும் நேரம் கிடைக்கும். அந்தப் பெட்டிகளுக்குள் குழந்தைகள் எதை வைத்திருக்கிறார்கள் என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடினப் பவளமும், கரீபியனின் பெரிய இராணிச் சங்கும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் வருபவை. பல நாடுகளில் உரிய சான்று இல்லாமல் அவற்றை எல்லையைக் கடந்து கொண்டுவர இயலாது. வெற்றுச் சிப்பிகள்கூடத் துறவி நண்டுகளுக்கு வீடாகப் பயன்படுபவை என்று முதல் நாளே சொல்லி, பிடித்தவற்றைப் படம் வரைந்துகொள்ள ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.